டிங்கிளில் பலகையில் இருப்பதுதான் சாப்பாடு

டிங்கிளில் நாங்கள் சாப்பிட்ட கடையில் அச்சடித்த மெனு கிடையாது. உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஒரு கரும்பலகை. அன்றைக்கு என்ன மீன் உண்டோ அது மட்டும் சாக்பீஸால் எழுதியிருக்கும். ஹேக், ஜான் டோரி, பிளாக் சோல், அயிலை, நண்டுக் கொடுக்கு. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பொடியாகச் சில எண்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்காக எழுதுவது அது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பட்டியல் போட்டிருக்கிறது. மீன் ஒன்று, நண்டு இறால் வகையறா இன்னொன்று, சிப்பி கணவாய் வகையறா மூன்றாவது. மீன் கடைக்காரர் பாடு எவ்வளவு என்று இதிலேயே தெரியும்.

நாங்கள் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் பரிமாறுகிற பெண் ஈரத்துணியோடு வந்து ஜான் டோரியை அழித்துவிட்டுப் போனாள். பக்கத்து மேசைக்காரர்கள் கேட்டதோடு தீர்ந்துவிட்டதாம். எனக்கு அந்த நிமிஷமே கடை பிடித்துப்போனது. உறைபெட்டியை நம்பி நடக்கிற கடையில் மீன் தீர்ந்துபோகாது.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இதைத்தான்: அயர்லாந்தில் மீன் சாப்பிடுவதென்றால், படகுத்துறை உள்ள ஒரு சின்ன ஊருக்குப் போய், குடும்பமாக நடத்துகிற சின்னக் கடையில், அன்றைக்கு வந்ததைச் சாப்பிட வேண்டும். டப்ளினில் இதைவிட அலங்காரமான கடைகள் உண்டு. ருசியில் இந்தக் கடைகளுக்கு ஈடில்லை.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கெர்ரி மாவட்டத்தில், அட்லாண்டிக்குக்குள் நீண்டு கிடக்கிற ஒரு தீபகற்பத்தின் பெயர் டிங்கிள். அதிலுள்ள ஒரே பெரிய ஊரும் டிங்கிள்தான். பெரிய ஊர் என்றாலும் ஜனத்தொகை சுமார் 2,000தான். டப்ளினிலிருந்து காரில் நாலரை மணி நேரத்துக்குக் குறையாது. ரயிலில் வந்தால் டிராலீயில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். மேற்கே போகப் போக ஐரிஷ் மொழி இன்னும் வீட்டு மொழியாகவே இருக்கிற கிராமங்கள். சாலைப் பலகைகளிலும் ஐரிஷ்தான் முன்னால் நிற்கிறது. துறைமுகத்துக்கு வாய் குறுகல், உள்ளே அகலம். அதனால் வெளியே கடல் எப்படி அடித்தாலும் படகுகள் உள்ளே நிம்மதியாக நிற்கின்றன. 1983 முதல் 2020 வரை இந்தத் துறைமுகத்தைச் சுற்றியே வாழ்ந்த ஃபங்கி என்ற ஓங்கிலுக்குக் கரையில் சிலை வைத்திருக்கிறார்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அதைப் பார்க்கவே இங்கே வந்தார்கள். என் பையனும் சிலைமேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டான்.

கடை அந்தக் கரைச்சாலையிலிருந்து ஒரு சந்து உள்ளே. நீல வண்ணம் அடித்த ஒரு வீட்டின் முன்கூடம். மேசைகள் பத்துகூட இருக்காது. மேசை விரிப்பு இல்லை, காகிதத் துடைப்பான்தான். அப்பா சமையல். அம்மா காலையில் ரொட்டியும் சூப்பும், மாலையில் வாசலும் கல்லாவும். மகள் பரிமாறுகிறாள், கல்லூரி விடுமுறை. மகன் பின்கட்டில் மீன் வெட்டுகிறான். கடையின் பெயரை எழுதட்டுமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். இருக்கிற மேசைகளுக்கே ஆள் வருகிறது, ஊர்ப் பெயரை எழுதினால் போதும் என்றார். அதனால் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் சவ்டர் வந்தது. அயர்லாந்தின் கடலோரத்தில் இது இல்லாத கடையே இல்லை. பாலும் கிரீமும் சேர்ந்த கெட்டியான மீன் சூப். உருளைக்கிழங்கு, வெங்காயம், லீக், ஒரு பிரிஞ்சி இலை, புகை போட்ட ஹாடக், கொஞ்சம் சால்மன், ஓட்டோடு நாலைந்து மசல் சிப்பி. பெரும்பாலான கடைகளில் இது மாவுக் கஞ்சியாகக் கரண்டியில் ஒட்டும். இங்கே அப்படி இல்லை. கிழங்கு பாதி கரைந்து அதுவே கெட்டிப்படுத்தியிருந்தது. புகை போட்ட மீனின் உப்பு முதலில் நாக்கில் படுகிறது, அதற்குப் பின்னால் கடல் வாசனை வருகிறது. மசல் எங்கிருந்து என்று கேட்டேன். தீபகற்பத்துக்குத் தெற்கே விரிகுடாவின் உள்முனையில் இருக்கிற குரோமேனிலிருந்து வருகிறதாம். மசல் வளர்ப்புக்குப் பேர் போன இடம் அது.

கூடவே பிரவுன் பிரெட். இதை நான் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். ஈஸ்ட் கிடையாது. தவிடு நீக்காத கோதுமை மாவு, சமையல் சோடா, மோர், உப்பு, அவ்வளவுதான். அயர்லாந்தின் ஈரத் தட்பவெப்பத்தில் விளைகிற கோதுமை மிருதுவானது, பசைத்தன்மை குறைவு. ஈஸ்ட் போட்டு உப்ப வைத்தால் சரியாக எழும்பாது. 19-ஆம் நூற்றாண்டில் சோடா மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் வீட்டுக்கு வீடு இந்த ரொட்டி வந்துவிட்டது. மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்த உடனே மாவு பொங்கத் தொடங்கும். அதனால் பிசையக் கூடாது, ஊற வைக்கவும் கூடாது. கலந்த கையோடு அடுப்பில் வைத்துவிட வேண்டும். அந்த அம்மா கொண்டுவந்து வைத்த துண்டின் மேற்பரப்பு கரடுமுரடாக வெடித்திருந்தது. உள்ளே ஈரப்பசையோடு கனமாக இருந்தது. தொட்டால் இன்னும் சூடு. அதன்மேல் உப்பு வெண்ணெயை விரல் கனத்துக்குத் தடவுகிறார்கள். வருஷத்தில் பெரும்பகுதி மாடு பச்சைப் புல் மேய்கிற நாடு என்பதால் வெண்ணெய் நல்ல மஞ்சளாக இருக்கும். சவ்டரில் அந்த ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போயிருந்தாலும் எனக்குக் குறை இருந்திருக்காது.

எங்களோடு அத்தையும் வந்திருந்தார். தூத்துக்குடிக்காரர். மீன் விஷயத்தில் அவர் வாயிலிருந்து ஒரு சொல் பாராட்டு வாங்குவது லேசு இல்லை. சவ்டரில் மிளகுத்தூள் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக்கொண்டு முழுக்கக் குடித்தார். அப்புறம் பின்கட்டுக் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, “ஏம்மா, தலையெல்லாம் என்ன பண்ணுவாங்க? தூரவா போடுவாங்க?” என்றார்.

நியாயமான கேள்வி. அயர்லாந்தில் பெரும்பாலான கடைகளில் மீன் தலை தட்டுக்கு வராது. பெரும்பாலும் முள்ளே இல்லாத துண்டுதான் வரும். பரிமாறுகிற பெண்ணிடம் கேட்டேன். அவள் உள்ளே போய் அண்ணனையே அழைத்து வந்துவிட்டாள். ரப்பர் ஏப்ரனும் ஈரக் கையுமாக வந்த அந்தப் பையன் அத்தையைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போய்க் காட்டினான். நானும் கூடப் போனேன். ஒரு பெரிய ஹேக் பலகைமேல் கிடந்தது. முக்கால் கை நீளம், வெள்ளிச் சாம்பல் நிறம், கூர்ப் பல். வாயைத் திறந்து காட்டினான், உள்ளே கறுப்பு. செவுளுக்குப் பின்னால் கத்தியை இறக்கி, நடுமுள்ளை உரசிக்கொண்டே வால் வரை ஒரே இழுப்பு. கத்தி முள்ளில் தட்டுகிற சத்தம் டிக் டிக்கென்று கேட்டது. பக்கச் சதை அப்படியே கழன்று வந்தது. எலும்புக்கூட்டில் துளி சதை ஒட்டவில்லை.

தலையும் நடுமுள்ளும் செவுள் நீக்கி, கழுவி, சூப்புப் பானைக்குப் போகிறது. நாங்கள் குடித்த சவ்டருக்கு அடித்தளமே அதுதான். இருபது நிமிஷத்துக்கு மேல் கொதிக்க விட்டால் கசந்துபோகும் என்று அவன் சொன்னதும் அத்தை தலையாட்டினார். அவருக்கு அது தெரிந்த கணக்கு. தாடையின் அடியில் இருக்கிற அந்த மெத்தென்ற சதையை மட்டும் வெட்டித் தனியே வைக்கிறான். துறைமுகத்துக்கு வருகிற ஸ்பானியப் படகுக்காரர்களிடம் கற்றுக்கொண்டானாம். பலகையில் எழுதாத அதை, நாலு துண்டு, வெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டு எங்கள் மேசைக்கு அனுப்பினார் அவன் அப்பா. ஜவ்வும் சதையுமாக, எலும்பு மஜ்ஜைபோல உருகுகிறது. அத்தை மூன்றைச் சாப்பிட்டார். எனக்கு ஒன்று.

ஸ்பானியர்களிடம் கற்றது என்று அவன் சொன்னது எனக்குள் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. டிங்கிளுக்கும் ஸ்பெயினுக்கும் உறவு நேற்று வந்ததில்லை. இடைக்காலத்திலேயே இங்கிருந்து கம்பளியும் தோலும் போய், அங்கிருந்து திராட்சை மது வந்தது. ஊர் நடுவில் இருக்கிற புனித யாக்கோபு தேவாலயம் ஸ்பானிய வணிகர்கள் எழுப்பியது என்று ஊரில் சொல்வார்கள். ஹேக் விஷயத்திலும் அதே கதைதான். இந்தக் கடலில் பிடிபடுகிற ஹேக்கின் பெரும்பகுதி குளிர்பெட்டி லாரிகளில் ஏறி, கப்பலில் கடல் கடந்து, ஸ்பெயின் சந்தைக்குப் போகிறது. நண்டும் சிங்கி இறாலும் அப்படித்தான், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும். ஊர்க்காரர்கள் நெடுங்காலம் அந்த மீனைப் பொருட்படுத்தவில்லை.

தீவு நாடு ஒன்று தன் மீனை இப்படி ஒதுக்கியதற்குக் காரணங்கள் ஆழமானவை. கத்தோலிக்க நாட்டில் வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது என்பதால் மீன். அதாவது மீன் தவத்துக்குரிய சாப்பாடு, ஆசைப்பட்டுச் சாப்பிடுவதில்லை. தெற்கில் கார்க் பக்கம் உப்புக்கண்டம் போட்ட லிங் மீனை வேக வைத்து வெள்ளைச் சாஸோடு கொடுப்பார்கள். பழைய ஆட்கள் பலர் இன்றைக்கும் அந்த வெள்ளிக்கிழமை வாசனையைச் சொல்லி முகம் சுளிக்கிறார்கள். 1970 வாக்கில் ஆயர்கள் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தினார்கள். பழக்கம் விட்டதும் மீனும் விட்டுப்போனது.

இன்னொன்று வறுமை. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னும் அத்தனை பேர் கப்பலேறினார்கள். சுற்றிலும் மீன் நிறைந்த கடல் இருக்க ஏன் செத்தார்கள் என்று கேட்பவர்கள் இந்தக் கரையில் நின்று கடலைப் பார்க்க வேண்டும். இங்கே இருந்தவை மரச்சட்டத்தில் துணி இழுத்துக் கட்டித் தார் பூசிய நீவோக் படகுகள். குளிர்கால அட்லாண்டிக்கில் ஆழத்துக்கு அவற்றைக் கொண்டு போக முடியாது. மேற்குக் கரையெங்கும் செம்படவர்கள் முதல் பசியிலேயே வலையையும் தூண்டிலையும் அடகு வைத்து மாவு வாங்கினார்கள். அடுத்து மீன் வந்தபோது பிடிக்க வலை இல்லை.

டிங்கிளிலிருந்து மேற்கே போனால் பிளாஸ்கட் தீவுகள் தெரியும். அங்கே வாழ்ந்தவர்கள் சிங்கி இறால் பிடித்தார்கள். தட்டில் வைக்க அல்ல, விற்க. பிரெஞ்சுப் படகுகள் தீவுக்கே வந்து வாங்கிக்கொண்டு போகும். அந்தக் காசில் மாவும் தேயிலையும் புகையிலையும். 1953-இல் மிச்சமிருந்த சிலரையும் அரசாங்கம் கரைக்குக் கொண்டுவந்துவிட்டது. தீவில் இப்போது பெரும்பாலும் இடிந்த சுவர்கள்தான். தங்கள் கடலின் மிகச் சிறந்த சரக்கைத் தாங்கள் தின்னாமல் விற்றே தலைமுறைகளைக் கழித்த ஜனங்கள் இவர்கள். ஆகவே இதே கரையில் ஒரு குடும்பம் தன் வீட்டுக் கூடத்தில் மேசை போட்டு, நண்டையும் ஹேக்கையும் இங்கேயே சமைத்து ஊர்க்காரனுக்கும் வைக்கிறது என்றால், அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

சாப்பாட்டுக்குத் திரும்புகிறேன். நண்டுக் கொடுக்கு வந்தது. பழுப்பு நண்டு என்பார்கள், உள்ளங்கையை விட அகலமான ஓடு, கறுத்த நுனியோடு தடித்த கொடுக்கு. வேக வைத்து, ஓட்டை உடைத்து, நுனி மட்டும் பிடியாக விட்டு, பூண்டு வெண்ணெயில் ஒரு புரட்டு. பிடித்துக்கொண்டு இழுத்தால் சதை முழுசாக வாய்க்குள். சதைக்கே தித்திப்பு உண்டு, மசாலா போட்டால் அது அடிபட்டுப் போகும். அத்தையே ஒப்புக்கொண்டார். தட்டின் அடியில் தேங்கின வெண்ணெயை ரொட்டியால் வழித்தது என் பையன்.

அடுத்து ஹேக். லேசாக மாவு தொட்டு, தோல் பக்கம் கீழே இருக்கும்படி வாணலியில் போட்டு, கடைசியில் வெண்ணெயும் எலுமிச்சையும். தோல் அப்பளம்போல நொறுங்குகிறது, அடியில் வெள்ளைச் சதை இதழ் இதழாகப் பிரிகிறது. ஹேக் நாள்பட்டால் கொழகொழவென்று ஆகிவிடும் மீன். இந்த இதழ் பிரிவது பழைய மீனில் வராது, எந்தச் சமையல்காரனாலும் வரவழைக்க முடியாது. பக்கத்தில் வேக வைத்த கிழங்கு, ஒரு கை கீரை. வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. என் கணவர் அயிலை கேட்டார். அன்று மதியம் வந்தது, மேல்தோலில் கறுப்பு வரி அழியாமல் அப்படியே தெரிந்தது. கோடையில்தான் அது இந்தக் கரையோரம் கூட்டமாக வரும், எண்ணெய்ச் சத்தும் நன்றாக ஏறியிருக்கும். நான் சாப்பிட்டதைவிட அதுதான் ஒரு படி மேல் என்பது என் தீர்ப்பு.

பையனுக்கு மட்டும் சிப்ஸ் கிடைத்தது. குழந்தைகளுக்கு மாத்திரம் போடுகிறார்கள். மீனும் சிப்ஸும் அயர்லாந்துக்கு வந்தது இத்தாலியர்கள் கையால். ரோமுக்குத் தெற்கே காசலாட்டிகோ என்ற மலைக் கிராமத்தையும் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்ந்த குடும்பங்கள்தான் இந்த நாட்டுச் சிப்ஸ் கடைகளில் பெரும்பாலானவற்றைத் தலைமுறை தலைமுறையாக நடத்தி வருகின்றன. அதுவும் குடும்பத் தொழில்தான், அதற்கும் எனக்கு மரியாதை உண்டு. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

பலகையில் ஆய்ஸ்டர் சிப்பி இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, உள்நாட்டு ஆய்ஸ்டருக்கு மே முதல் ஆகஸ்ட் வரை இனப்பெருக்கக் காலம், செப்டம்பரில் வாருங்கள் என்றாள் அந்தப் பெண். தீபகற்பத்தின் வடக்கே டிராலீ விரிகுடாவில் இருக்கும் படுகை, ஐரோப்பாவில் இன்னும் பிழைத்திருக்கிற பெரிய இயற்கை ஆய்ஸ்டர் படுகைகளில் ஒன்று. வளர்ப்பு ஆய்ஸ்டர் வருஷம் முழுக்கக் கிடைக்கும், வாங்கி வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

மேசைகள் காலியான பிறகு அந்த அம்மா எங்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். அத்தையும் அவரும் பேசிக்கொண்டதை நடுவில் இருந்து மொழிபெயர்த்தேன். பேச்சு மீனில் தொடங்கிக் கணக்கில் வந்து நின்றது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு அயர்லாந்துக்கு உள்ள மீன்பிடி ஒதுக்கீடு குறைந்தது. அரசாங்கம் நஷ்டஈடு கொடுத்துப் பல விசைப்படகுகளை உடைக்க வைத்தது. படகு குறைந்தால் துறையில் இறங்குகிற மீனும் குறைவு, விலையும் ஏறும். 2023 செப்டம்பரில் உணவகங்களுக்கான வரி 9 சதவீதத்திலிருந்து 13.5 சதவீதமாகத் திரும்பியது. மின்சாரம், வெண்ணெய் எல்லாமே ஏறிவிட்டன. ஊரில் வாடகை வீடு கிடைப்பதில்லை, அதனால் வெளியாள் வேலைக்கு வருவதில்லை. குடும்பமே எல்லா வேலையும் பார்ப்பதால்தான் கதவு திறந்திருக்கிறது என்றார். மகள் படிப்பு முடித்து வெளியூர் போய்விட்டால் யார் பரிமாறுவது என்று அத்தை கேட்டார். அந்த அம்மா தோளைக் குலுக்கினார்.

பில் நாலு பேருக்கு 130 யூரோவை ஒட்டி வந்தது. மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் டப்ளினில் இதே காசுக்கு எங்கோ உறைந்து எங்கோ உருகிய மீனைச் சாப்பிட்டு வந்திருக்கிறேன், அந்தக் காசு வலித்தது. இது வலிக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வார நாளில் போங்கள். மாலை ஆறு மணிக்கே போய்விடுங்கள், ஒன்பதுக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள், நல்ல மீன் அதற்கு முன்பே தீர்ந்திருக்கும். முந்தின இரண்டு நாள் புயல் அடித்திருந்தால் படகு போயிருக்காது, பலகையில் இரண்டு வரிதான் இருக்கும், அதைக் குறை சொல்லாதீர்கள். இன்றைக்கு என்ன இறங்கியது என்று கேளுங்கள், அதையே கேட்டு வாங்குங்கள். பெயர் தெரியாத மீனாக இருந்தாலும் பரவாயில்லை. டிப்ஸ் கட்டாயம் இல்லை, பத்து சதவீதம் வைத்தால் சந்தோஷப்படுவார்கள். இது டிங்கிளுக்கு மட்டும் சொல்வதில்லை. கின்சேல், கில்மோர் கீ, கில்லிபெக்ஸ், ஹோத் என்று படகுத்துறை உள்ள எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஒரு குடும்பக் கடையைத் தேடுங்கள்.

டிங்கிளில் குளிர்காலத்தில் இந்த மாதிரிச் சின்னக் கடைகள் பல மூடிக் கிடக்கும். மார்ச் 17, புனித பாட்ரிக் தினத்தை ஒட்டித்தான் திரும்பத் திறப்பார்கள். கிளம்புவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.